வாட்டில் மரம் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வாட்டில் என்று நான் சொல்வது ஆஸ்திரேலிய அகேசியாக்களை. தமிழில் சீகை மரம் என்றும் ஒரு பெயர் புழங்குகிறது. சீகைக்காய் காய்க்கும் கொடி வேறு, கருவேலமும் வெள்வேலமும் வேறு. கருவேலத்தையும் ஒரு காலத்தில் அகேசியா என்றுதான் எழுதினார்கள். 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு அந்தப் பெயரை ஆஸ்திரேலியக் கூட்டத்துக்கே கொடுத்துவிட்டது. 2011இல் மெல்போர்ன் மாநாட்டில் அது உறுதியாயிற்று, கருவேலம் வேக்கெலியா என்ற வேறு பேரினப் பெயருக்கு மாறியது. பழைய புத்தகத்தைப் படித்துவிட்டு வாட்டிலில் முள்ளைத் தேடாதீர்கள். பெரும்பாலானவற்றில் கிடையாது.

ஆஸ்திரேலியாவில் மட்டும் சுமார் ஆயிரம் இனங்கள். பனி விழும் மலையில் சில, பாலைவனத்தில் சில, வெப்பமண்டல ஆற்றோரத்தில் சில. அதனால் "வாட்டிலுக்கு எந்தத் தட்பவெப்பம் ஒத்துவரும்" என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. உங்கள் இடம் உறைபனி அடிக்கும் இடமா, புழுக்கமும் மழையும் சேர்ந்த இடமா, சுண்ணாம்புத் தண்ணீர் வரும் இடமா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கீழே வரும் தொல்லைகளில் பாதி இந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் கிளம்புகிறது.

செத்துப்போன கன்றுகளைத் தோண்டித் தோண்டிப் பார்த்ததில் எனக்கு வந்த பழக்கம் ஒன்று உண்டு. இலையில் என்ன தெரிந்தாலும் மருந்துப் புட்டியை எடுக்கும் முன் தொட்டியைச் சாய்த்து, மண் உதிராமல் கட்டியாக உருவி, வேரைப் பார்ப்பேன். இலை சொல்வது பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு முந்தைய கதை. வேர் இன்றைய நிலவரத்தைச் சொல்லும்.

## விதை முளைக்கவே இல்லை

முதலில் விதையைத் தோண்டி எடுங்கள். விரல் நுனியில் வைத்து அழுத்திப் பாருங்கள். மூன்றில் ஒன்றாக இருக்கும்.

போட்டது போலவே கறுத்து, பளபளத்து, கல்லாக இருக்கிறது. தண்ணீர் உள்ளே போகவில்லை. வாட்டில் விதையின் தோல் காட்டுத்தீயை எதிர்பார்த்துக் கட்டியது. வெறும் தண்ணீரில் ஒரு மாதம் ஊறப் போட்டாலும் அசையாது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, விதை மேல் ஊற்றுங்கள். அப்படியே ஆறட்டும், இரவு முழுக்க ஊறட்டும். அடுப்பில் வைத்தே கொதிக்க விட்டால் விதை வெந்துவிடும்.

காலையில் பார்த்தால் சில விதைகள் இரண்டு மடங்காக உப்பி, நிறம் வெளுத்து, மெத்தென்று இருக்கும். மற்றவை அப்படியே கிடக்கும். உப்பியதை மட்டும் விதையுங்கள். உப்பாததை மறுபடி வெந்நீரில் போடுங்கள். இரண்டாம் முறையும் அசையவில்லை என்றால் நகவெட்டி எடுங்கள். விதையில் காம்பு ஒட்டியிருந்த தழும்பு ஒரு முனையில் தெரியும். அதற்கு எதிர்முனையில் தோலை மட்டும் கடுகளவு வெட்டுங்கள். உள்ளே வெளிர்நிறப் பருப்பு கண்ணில் பட்டதும் கையை நிறுத்துங்கள். இந்த முறை எனக்கு ஏமாற்றம் தந்ததில்லை, ஆனால் ஐம்பது விதைக்கு மேல் பொறுமை இருக்காது. நிறைய விதை என்றால் வெந்நீர்தான்.

உப்பியது, ஆனால் கொழகொழவென்று நாறுகிறது. ஒன்று விதை பழுதானது, அல்லது கலவையில் ஈரம் அதிகம். பழைய விதை என்பதற்காக வாட்டிலைச் சந்தேகப்படாதீர்கள். கல் போன்ற தோலோடு உலர்ந்து கிடந்தால் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். ஊறிய பிறகுதான் அதற்குக் கெடு ஆரம்பிக்கிறது. ஊறியதை அன்றே விதைத்துவிட வேண்டும்.

உப்பியது, கெட்டியாக இருக்கிறது, முளை மட்டும் வரவில்லை. குளிர். 20 முதல் 25 டிகிரிக்குள் இருந்தால் பல இனங்கள் ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் எட்டிப் பார்க்கும். ஜன்னல் விளிம்பு பகலில் இதமாக இருந்து இரவில் 8 டிகிரிக்கு இறங்கினால் விதை குழம்பிப்போகும். இடத்தை மாற்றுங்கள், காத்திருங்கள். இதற்கு வேறு வைத்தியம் இல்லை.

## முளைத்தது, ஒரே இரவில் சாய்ந்தது

தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். நூல் கட்டி இறுக்கியது போல அங்கே மட்டும் ஒடுங்கி, பழுப்பாகி இருந்தால் நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்ணில் வாழும் கிருமிகளின் வேலை. சாய்ந்தது பிழைக்காது. பக்கத்தில் நிற்பதைக் காப்பாற்றுவதே இப்போது வேலை: மூடியைத் திறந்து காற்று விடுங்கள், மேல்மண் காயும் வரை தண்ணீர் விடாதீர்கள், மேலே ஒரு விரற்கடை பருமணல் தூவுங்கள். அடுத்த முறை புதுக் கலவையில் விதையுங்கள். புழுக்கமான தட்பவெப்பத்தில் முளைத்த அன்றே மூடியை எடுத்துவிடுவது நல்லது. "இன்னும் இரண்டு நாள் ஈரம் இருக்கட்டும்" என்று மூடிவைத்து நான் இழந்த தட்டுகளுக்குக் கணக்கில்லை.

தண்டு ஒடுங்கவில்லை, ஆனால் நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்திருக்கிறது என்றால் வெளிச்சப் பஞ்சம். வெயிலுக்கு நகர்த்துங்கள், ஒரே நாளில் அல்ல, நான்கைந்து நாளில்.

தண்டு அறுபட்டுக் கிடந்தால் புழுவோ நத்தையோ. இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.

## இலை மஞ்சளாகிறது

அதிகம் பேர் தப்பு செய்யும் இடம் இதுதான். மஞ்சள் என்றதும் உரம் போடுவார்கள். அது சில சமயம் கன்றைக் கொன்றே போடும். எந்த இலை மஞ்சள் என்று முதலில் பாருங்கள்.

### அடி இலை மட்டும் மஞ்சள், நுனி பச்சை

கன்றுக்கு இரண்டு மூன்று மாதம் ஆகியிருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். முதலாவது நோயே இல்லை: வாட்டில் கன்று தன் குழந்தை இலையை உதிர்க்கிறது. முதலில் வரும் இலைகள் புளிய இலை, தொட்டாற்சிணுங்கி இலை போலச் சிறகு சிறகாக இருக்கும். அப்புறம் பல இனங்களில் இலைக்காம்பு தட்டையாகி, அதுவே இலையின் வேலையைப் பார்க்கும். தாவரவியல் பாடத்தில் இதை இலைத்தொழில் இலைக்காம்பு என்பார்கள். நான் காம்பிலை என்றே எழுதுகிறேன். நுனியில் காம்பிலை வந்துகொண்டிருக்க, அடியில் சிறகிலை மஞ்சளாகி விழுந்தால் சந்தோஷப்படுங்கள்.

இரண்டாவது தழைச்சத்துப் பஞ்சம். நுனியில் வளர்ச்சியும் நின்றிருக்கும், செடி முழுக்க வெளிறியிருக்கும். வாட்டில் அவரைக் குடும்பம். வேர் முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் வகை பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும். ஆனால் கடையில் வாங்கிய சுத்தமான கலவையில் அந்த பாக்டீரியா இருக்காது. விதையில் இருந்த சேமிப்பு தீர்ந்ததும் கன்று பட்டினி கிடக்கும்.

வேர்க்கட்டியை உருவிப் பாருங்கள். மிளகை விடச் சிறிய, சற்றே கோணலான உருண்டைகள் பக்கவேரில் ஒட்டியிருந்தால் அதுதான் முடிச்சு. ஒன்றை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே வெட்டிய கொய்யாப்பழம் போல இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை. பச்சையோ பழுப்போ என்றால் ஓய்ந்துவிட்டது. முடிச்சே இல்லை என்றால், நன்றாக வளர்ந்து நிற்கும் வாட்டில் மரத்தடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துத் தண்ணீரில் கலக்கி ஊற்றுங்கள். அந்த மரம் நோயில்லாததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேரழுகலையும் சேர்த்தே வீட்டுக்கு அழைத்து வருவீர்கள். மரம் கிடைக்கவில்லை என்றால் அகேசியாவுக்கென்று விற்கும் ரைசோபியம் பொடி வாங்கலாம். பயறுக்கும் சோயாவுக்கும் விற்பது எல்லா வாட்டிலுக்கும் ஒத்துவராது.

### நுனி இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இரும்புச்சத்து ஏறவில்லை. மண்ணில் இரும்பு இல்லாததால் அல்ல, காரத்தன்மை அதைக் கட்டிப்போட்டிருப்பதால். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படியும் தண்ணீரையே ஊற்றிவந்தால் தொட்டி மண் மாதாமாதம் காரமாகிக்கொண்டே போகும். பிஎச் பட்டை வாங்கிச் சோதியுங்கள். பல வாட்டில்களுக்கு 5.5 முதல் 7 வரை சுகம். மழைத் தண்ணீருக்கு மாறுங்கள். அவசரத்துக்கு இரும்பு கிலேட், அதாவது மண் கட்டிப்போடாதபடி சேர்மமாக்கி விற்கும் இரும்பு, கொடுக்கலாம். மண் 7.5ஐத் தாண்டியிருந்தால் சாதாரண கிலேட் நிற்காது, இடிடிஎச்ஏ வகை வேண்டும், விலை கூடுதல். தரையில் நட்ட மரம், மண்ணே சுண்ணாம்பு மண் என்றால் போராடாதீர்கள். அந்த மண்ணைத் தாங்கும் இனத்துக்கு மாறுவதுதான் மிச்சம். அகேசியா சாலிக்னா காரமண்ணைத் தாங்கும், ஆனால் அதைப் பற்றி ஒரு எச்சரிக்கை பின்னால் வருகிறது.

### செடி முழுக்க மஞ்சள், மண் ஈரமாகவே இருக்கிறது

வேர் மூச்சு முட்டுகிறது. உருவிப் பார்த்தால் மண் சதுப்பு வாடை அடிக்கும். தண்ணீரை நிறுத்துங்கள். அடித்தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள். மழைக்காலத்தில் தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். கலவையில் மூன்றில் ஒரு பங்காவது பருமணலோ பெர்லைட்டோ இல்லையென்றால் அடுத்த முறை சேர்த்துக்கொள்ளுங்கள்.

### ஓரம் கருகுகிறது

உப்பு அல்லது உரம். மணிச்சத்து நிறைந்த பொது உரம், எலும்புத்தூள், சூப்பர் பாஸ்பேட் போட்டிருந்தால் அதுதான் முதல் சந்தேகம். ஆஸ்திரேலிய மண்ணில் மணிச்சத்து மிகக் குறைவு. அங்கே வளர்ந்த செடிகளில் பலவற்றுக்கு அது கொஞ்சம் கூடினாலே விஷம். தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக விட்டு அலசி, வடியவிடுங்கள். அப்புறம் ஆறு மாதம் உரப்பக்கமே போக வேண்டாம்.

## நேற்று நன்றாக இருந்தது, இன்று வாடிவிட்டது

மண் காய்ந்திருக்கிறது. தண்ணீர் விடுங்கள். மாலைக்குள் நிமிர்ந்தால் முடிந்தது. மேலே ஊற்றிய தண்ணீர் உடனே அடியில் ஓடிவந்தால் கலவை வறண்டு தண்ணீரைத் தள்ளுகிறது. தொட்டியை வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் முக்கி வையுங்கள். கறுப்புத் தொட்டி மேற்கு வெயிலில் நின்றால் உள்ளே வேர் வேகும். அதைப் பெரிய தொட்டிக்குள் இறக்கி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மண் ஈரம், போன வாரம் தொட்டி மாற்றினீர்கள். வேரைத் தொட்டதன் விளைவு. வாட்டிலின் ஆணிவேர் இலையை விட அவசரக்காரன். இலை ஒரு அங்குலம் இருக்கும்போதே வேர் தொட்டியின் அடியைத் தொட்டிருக்கும். தொட்டால் அங்கே மடங்கி வட்டமடிக்கும். அந்த வட்டத்தைப் பிரிக்கப் போனால் கன்று வாடும், பிரிக்காவிட்டால் மரமான பிறகு காற்றில் சாயும். எனவே முதல் உண்மை இலை வரும்போதே ஆழமான, குறுகலான தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே மாற்றி வாடியது என்றால் நிழலில் வையுங்கள், ஈரத்தை அளவாக வைத்திருங்கள். இரண்டு வாரம் பொறுங்கள். வேர் முழுக்கச் சுருண்டுபோன கன்றைத் தரையில் நட வேண்டாம். இன்னொரு விதை போடுவது மலிவு.

மண் ஈரம், யாரும் தொடவில்லை. இதுதான் பயப்பட வேண்டியது. வேரைப் பாருங்கள். ஆரோக்கியமான வேர்நுனி வெளிர்நிறமாக, விறைப்பாக இருக்கும். பழுப்பாகி, இழுத்தால் தோல் உறையாகக் கழன்று உள்ளே நார் மட்டும் மிஞ்சினால் வேரழுகல். பைட்டோப்தோரா சின்னமோமி இதில் பெயர்பெற்ற கிருமி. ஆஸ்திரேலியாவின் காடுகளையே மொட்டையடித்திருக்கிறது. தொற்றியதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. பாஸ்போனேட் தெளிப்பு அதை அடக்கிவைக்கும், அவ்வளவுதான்.

தொட்டியில் ஒன்று போனால் மண்ணோடு மூடிக் கட்டி அப்புறப்படுத்துங்கள், மண்ணைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள். மண்வெட்டி, செருப்பு எல்லாவற்றையும் கழுவுங்கள். தரையில் இரண்டாவது மரமும் அதே மாதிரிப் போனால் நிறுத்துங்கள். வேரும் மண்ணும் எடுத்துத் தாவர நோய் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்த பிறகுதான் மூன்றாவது நட வேண்டும்.

## உறைபனிக்குப் பிறகு கறுத்துப்போனது

மறுநாளே கத்திரிக்கோலை எடுக்காதீர்கள். கறுத்த நுனி அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் கீழே இருக்கும் மொட்டுக்கு அதுதான் போர்வை. பனிக்காலம் முழுதும் முடியட்டும். அப்புறம் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். நுனியிலிருந்து கீழே இறங்கி வாருங்கள். பச்சை எங்கே தொடங்குகிறதோ அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள்.

இலையே இல்லாத முதிர்ந்த கட்டை வரை கறுத்திருந்தால் நம்பிக்கை குறைவு. பல வாட்டில் இனங்கள் பழைய கட்டையிலிருந்து துளிர்க்காது. அடிவேரிலிருந்து முளை விடும் இனங்கள் உண்டு, அகேசியா டீல்பேட்டா அப்படி ஒன்று. எனவே ஒரு கோடை வரை தோண்டாமல் விட்டுப்பாருங்கள்.

தண்டு நீளவாக்கில் பிளந்திருந்தால் இரவு உறைந்து காலை வெயிலில் சட்டென்று உருகியிருக்கிறது. கிழக்குச் சுவரோரம் வைத்த கன்றுகளுக்கு இது வாடிக்கை. காலை வெயில் தாமதமாக வரும் இடத்துக்கு மாற்றுங்கள்.

ஒவ்வொரு வருடமும் இதே கதை என்றால் இனம் தப்பு. முதிர்ந்த டீல்பேட்டா பூஜ்ஜியத்துக்குக் கீழே 7, 8 டிகிரியைச் சமாளிக்கும். அகேசியா ஆரிகுலிஃபார்மிஸ், அகேசியா மாஞ்சியம் இரண்டும் வெப்பமண்டலத்தவை, உறைபனி ஒரு தரம் பட்டாலே போதும். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: எந்த எண்ணானாலும் அது வளர்ந்த மரத்துக்குச் சொன்னது. முதல் இரண்டு குளிர்காலத்தில் டீல்பேட்டா கன்றும் போர்வை கேட்கும். இலையுதிர்காலத்தில் உரம் கொடுத்து இளந்துளிரோடு பனிக்குள் அனுப்புவது நாமே செய்யும் கொலை.

## வீட்டுக்குள் கொண்டுவந்ததும் இலை உதிர்கிறது

வெள்ளைத் தாளைக் கிளைக்கடியில் பிடித்து இரண்டு தட்டு தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் சிலந்திப்பேன். ஹீட்டர் ஓடும் உலர்ந்த அறை அதற்குச் சொர்க்கம். ஷவரில் இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், ஐந்து நாளுக்கு ஒரு முறை, மூன்று தரம். போதவில்லை என்றால் தோட்டக்கலை சோப்புக் கரைசல்.

தூசி நகரவில்லை என்றால் வெளிச்சம் போதவில்லை. வெயிலில் இருந்த மரம் அறைக்குள் வந்தால் தாங்க முடியாத இலையை உதிர்த்துச் செலவைக் குறைத்துக்கொள்கிறது. முடிந்தவரை குளிரான, வெளிச்சமான இடத்தில் வையுங்கள். வெளிச்சம் குறைவாகவும் சூடு அதிகமாகவும் இருக்கும் அறைதான் மோசம்.

இலைமேல் வெள்ளைப்பொடி என்றால் சாம்பல் நோய். கன்றுகளை நெருக்கி வைத்தால் வரும். இடைவெளி விடுங்கள். எறும்பு வரிசை ஏறினால் மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ மேலே இருக்கிறது, எறும்பைப் பின்தொடர்ந்தால் அதுவே காட்டிக்கொடுக்கும்.

## கிளையில் உருண்டை உருண்டையாக வீக்கம்

கத்தியால் ஒன்றைப் பாதியாக வெட்டுங்கள்.

உள்ளே சின்னச் சின்ன அறைகளும் புழுவும் இருந்தால் குளவிக் கழலை. அகேசியா லாங்கிஃபோலியா என்ற இனத்தில் மொட்டையே கழலையாக்கும் ஒரு சிறு குளவி, ட்ரைக்கிலோகாஸ்டர், பெயர்பெற்றது. ஆக்கிரமித்துப் பரவும் லாங்கிஃபோலியாவைக் கட்டுப்படுத்த தென்னாப்பிரிக்காவிலும் பின்னர் போர்ச்சுகலிலும் அதை வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள். உங்கள் தோட்டத்தில் மரம் சாகாது, பூ குறையும். பச்சையாக இருக்கும்போதே கிள்ளி எரித்துவிடுங்கள்.

உள்ளே கட்டையாக, வெளியே துரு நிறப் பொடி கையில் ஒட்டினால் யூரோமைக்ளேடியம் என்னும் துருப்பூஞ்சை. கழலைக்கு ஒரு சாண் கீழே வெட்டி, பையில் போட்டுக் கட்டுங்கள். பொடி பறக்கும் முன், காலை ஈரத்தோடு வெட்டுவது உத்தமம். முக்கியத் தண்டிலேயே வந்துவிட்டால் சில வருடத்தில் மரம் போகும். நான் மருந்துக்குச் செலவழிக்க மாட்டேன்.

## பிசின் வடிகிறது, மரத்தூள் தெரிகிறது

பிசின் மட்டும் என்றால் காயம், பெரும்பாலும் ஆறிவிடும். கிளை பிரியும் கவட்டில் மரத்தூளும் எச்சமும் வலை போலப் பின்னியிருந்தால் துளைப்பான் புழு. வலையைத் துடைத்துவிட்டு ஓட்டையில் மெல்லிய கம்பியை விட்டுக் குத்துங்கள். கம்பியில் ஈரம் பட்டால் ஆள் அகப்பட்டான்.

மரத்தின் வயதையும் கேளுங்கள். பல வாட்டில்களுக்கு ஆயுள் குறைவு. பெய்லியானா போன்றவை பத்து, பதினைந்து வருடத்தில் தளர ஆரம்பிக்கும், துளைப்பான் வருவது அதன் முதுமைக்கு அடையாளம். மெலனாக்சிலான் அப்படியல்ல, நூறு வருடம் தாண்டும். தளர்ந்த மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தாலோ, கவடு பிளந்திருந்தாலோ நீங்கள் ஏறாதீர்கள். மரம் வெட்டத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். வாட்டில் கிளை முன்னறிவிப்பு இல்லாமல் முறியும்.

## பூக்கவில்லை

இரண்டு மூன்று வயது ஆகட்டும். ஆகியும் இல்லை என்றால் எப்போது கவாத்து செய்தீர்கள் என்று யோசியுங்கள். பூப்பதற்குப் பல மாதம் முன்பே மொட்டு கட்டிவிடும், தப்பான நேரத்தில் வெட்டினால் அந்த வருடப் பூவை வெட்டிவிட்டீர்கள். பூ முடிந்த கையோடு, பச்சை இருக்கும் பகுதியில் மட்டும் வெட்ட வேண்டும்.

## வாங்கிய மரம்தானா இது?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான், அதிலும் பாதி முளைத்து இரண்டு வாரமான கன்றின் படத்தோடு வரும். அந்த வயதில் எந்த வாட்டிலையும் அடையாளம் சொல்ல முடியாது. எல்லாக் குழந்தைக்கும் ஒரே சிறகிலை. விதைப் பொட்டலத்தில் எழுதியிருக்கும் பெயரைப் பூ பார்க்கும் வரை யூகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

### ஒரு வருடமாகியும் சிறகிலையாகவே இருக்கிறது

மாறாமலே இருக்கும் இனமாக இருக்கலாம். டீல்பேட்டா, மியர்ன்சி, டெகரன்ஸ் மூன்றும் கடைசி வரை சிறகிலைதான், மூன்றையும் குழப்பாத ஆளில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியோடு இலையின் நடுக்காம்பைப் பாருங்கள். சிறகு பிரியும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சுரப்பி, இடையில் ஒன்றும் இல்லை, இலை சாம்பல் வெள்ளி என்றால் டீல்பேட்டா. இடையிலும் ஒழுங்கில்லாமல் சுரப்பிகள் இறைந்திருந்து, இலை கரும்பச்சை, பூ வெளிர்மஞ்சள் என்றால் மியர்ன்சி. சிற்றிலைகள் நீளமாக, ஒன்றுக்கொன்று விலகி, இளங்கிளையில் வரப்பு போல விளிம்புகள் ஓடினால் டெகரன்ஸ். ஆஸ்திரேலியாவில் டீல்பேட்டா குளிர்காலக் கடைசியில் பூக்கும், மியர்ன்சி வசந்தக் கடைசியில்தான்.

### காம்பிலை வந்துவிட்டது

நான்கு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள். காம்பிலையில் நீளவாக்கு நரம்பு ஒன்றா, பலவா. விளிம்பில் சுரப்பி எங்கே, எத்தனை. பூங்கொத்து உருண்டைப் பந்தா, விரல் போன்ற கதிரா. காய் நேரா, சுருளா. காம்பிலையின் நீள அகலத்தை நம்பாதீர்கள், ஒரே மரத்தில் நிழல் பக்கமும் வெயில் பக்கமும் இரண்டு மரம் போல இருக்கும். ஒரே கிளையில் சிறகிலையும் காம்பிலையும் கலந்து வந்து, விதையைச் சுற்றிச் சிவந்த சதைக்கயிறு இரண்டு சுற்று சுற்றியிருந்தால் மெலனாக்சிலான்.

### "இது போதை தரும் வாட்டிலா?"

சில இனங்களில் டிஎம்டி என்னும் மனமயக்கப் பொருள் போன்ற ஆல்கலாய்டுகள் இருப்பது உண்மை. அதை இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே இனத்தில் ஒரு மரத்தில் இருக்கும், பக்கத்து மரத்தில் இருக்காது, ஆய்வகம்தான் சொல்லும். மேலே சொன்னது போல இனத்தையே தப்பாக அடையாளம் காண்பது மிகச் சுலபம், தப்பானால் விளைவு சின்னதல்ல. அகேசியா ஜார்ஜினேயில் மாட்டைக் கொல்லும் ஃபுளுவோரோஅசிட்டேட் இருக்கிறது. வேறு சிலவற்றில் சயனைடு வெளிவிடும் பொருள்கள். டிஎம்டி பல நாடுகளில் தடை செய்யப்பட்டது. இதை மரமாக வளர்க்கும் வேலைக்கு மட்டும்தான் நான் வழி சொல்கிறேன். யாராவது இலையோ பட்டையோ சாப்பிட்டுவிட்டால் இனம் எது என்று தேடிக்கொண்டிருக்காமல், கிளை ஒன்றை உடைத்து எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இந்தப் பேச்சால் அடி வாங்குவது காட்டு மரங்கள். அகேசியா ஃப்ளெபோஃபில்லா விக்டோரியாவில் மவுண்ட் பஃபலோ என்ற ஒரே மலையில்தான் இயற்கையாக வளர்கிறது. அந்த மலை தேசியப் பூங்கா. ஏற்கெனவே கழலை நோயிலும் காட்டுத்தீயிலும் தவிக்கும் மரத்தின் பட்டையை உரிப்பதும், அங்கிருந்து விதை பொறுக்குவதும் குற்றம். அங்கிருந்து வந்தது என்று சொல்லி விதை விற்றால் வாங்காதீர்கள்.

### இங்கே வளர்க்கலாமா

சாலிக்னாவைப் பற்றிப் பின்னால் வரும் என்று மேலே சொன்ன எச்சரிக்கை இது. சாலிக்னாவை ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் ஆக்கிரமிப்பு இனங்களின் தடைப்பட்டியலில் சேர்த்தது, மியர்ன்சியை 2025இல். மியர்ன்சி உலகின் மோசமான நூறு ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலிலும் இருக்கிறது. உங்கள் நாட்டு ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலை விதை வாங்கும் முன் பாருங்கள், வாங்கிய பின் அல்ல. தொட்டியில் வளர்த்தாலும் காய் முற்றி வெடிக்கும் முன் பறித்துவிடுங்கள்.

### இன்னும் தீரவில்லை

மேற்கு ஆஸ்திரேலிய ஹெர்பேரியத்தின் (உலர்தாவரக் காப்பகத்தின்) புரூஸ் மாஸ்லின் முன்னின்று உருவாக்கிய 'வாட்டில்' என்ற கணினி அடையாளக் கருவி ஆஸ்திரேலிய இனங்களுக்குக் கிடைக்கிறது. நான் சொன்ன நான்கு விஷயமும் கையில் இருந்தால் பட்டியல் வேகமாகச் சுருங்கும். அதிலும் இரண்டு மூன்று பெயர் மிஞ்சினால் ஹெர்பேரியத்துக்கு மாதிரி அனுப்புங்கள். ஒற்றை இலையும் கைபேசிப் படமும் போதாது. ஒரு முழம் நீளக் கிளை, அதில் காம்பிலையும் பூவும், கிடைத்தால் முற்றிய காயும். செய்தித்தாளுக்கு நடுவில் விரித்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, ஈரம் ஏறிய தாளைத் தினமும் மாற்றுங்கள். சிறகிலை காயும்போது உதிரும், அதை ஒரு உறையில் போட்டுக் கூடவே வையுங்கள். மரத்தின் உயரம், பட்டையின் நிறம், பறித்த தேதி, விதை எங்கிருந்து வந்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டுங்கள். பூவின் நிறத்தையும் பறித்த அன்றே எழுதுங்கள், காய்ந்த பிறகு எல்லா வாட்டில் பூவும் ஒரே பழுப்பு.